லீவு முதல் வேலைநீக்கம் வரை: தமிழ்நாட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். வருகைப்பதிவேடு என் மேஜையில்தான் கிடக்கும். அந்தப் பதினோரு வருடத்தில் கடையைவிட்டு அனுப்பப்பட்டவர்களில் கைநீளம் என்று போனவர்கள் இரண்டு பேர் இருக்கலாம். மற்றவர்கள் பெரும்பாலும் லீவில் ஊருக்குப் போனவர்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டு ராத்திரி பஸ் ஏறுவார்கள். ஐந்து நாள் கழித்து வந்தால், பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘தகவல் இன்றி நின்றுவிட்டார்’ என்று இருக்கும். எழுதியவன் நான். எழுதச் சொன்னவர் வேறு.

அதனால்தான் லீவு விதிகளையும் வேலைநீக்க விதிகளையும் தனித்தனியாகச் சொல்லாமல் ஒரே கட்டுரையில் சொல்கிறேன். நம் ஊரில் ஒன்று முடிகிற இடத்தில்தான் மற்றது ஆரம்பிக்கிறது.

முதல் படி: உங்களுக்கு எந்தச் சட்டம்?

கடை, ஓட்டல், லாட்ஜ், தியேட்டர், தனியார் அலுவலகம், ஐடி கம்பெனி ஆகியவற்றில் வேலை என்றால் உங்களுக்கான முதல் சட்டம் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. சுருக்கமாகக் கடைகள் சட்டம் என்பார்கள். பெயரில் கடை இருக்கிறதே, பதினாலாவது மாடியில் ஏசி அறையில் கோடு எழுதுகிற எனக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் உண்டு. பொருந்தும். வணிக நிறுவனம் என்ற வரையறைக்குள் அந்த அலுவலகமும் வருகிறது.

தொழிற்சாலையில் நேரடி உற்பத்தி வேலை என்றால் கதை வேறு. அங்கே நெடுங்காலம் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இருந்தது. மத்திய அரசு 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, தொழிற்சாலைகள் சட்டம், தொழில் தகராறு சட்டம், பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் எல்லாம் அந்தத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. கடைகள் சட்டம் மாநிலச் சட்டம், அது அப்படியே இருக்கிறது. யாராவது ‘புதுச் சட்டம் வந்துடுச்சு, பழசெல்லாம் போச்சு’ என்று சொன்னால் எந்தப் பழசு என்று கேளுங்கள்.

கடைகள் சட்டத்துக்குள் வராதவர்களும் இருக்கிறார்கள். அரசு, ரயில்வே, உள்ளாட்சி அலுவலகங்களுக்கு இது கிடையாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், சுற்றித்திரிந்து செய்கிற வேலையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. இந்த ‘நிர்வாகப் பொறுப்பு’ என்பதில்தான் விளையாடுவார்கள். பதினைந்தாயிரம் சம்பளத்துக்குக் கல்லாவில் உட்காரும் பையனுக்கு ‘ஃப்ளோர் மேனேஜர்’ என்று அடையாள அட்டை போட்டுக் கொடுத்துவிட்டு, நீ மேனேஜர், உனக்குச் சட்டம் பொருந்தாது என்பார்கள். அட்டையில் இருக்கும் பெயரை வைத்து இதை முடிவு செய்வதில்லை. ஆள் எடுக்க, லீவு தர, தண்டிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா, நாள் முழுக்க நிஜத்தில் என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

இரண்டாம் படி: சேரும் நாளில் கையில் வாங்க வேண்டியவை

நியமனக் கடிதம். ‘அப்புறம் தரோம்’ என்றால் வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ பணிவாக நினைவூட்டுங்கள். புதிய தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயம் ஆக்கியிருக்கின்றன. கடிதம் வராமலே போனாலும் நீங்கள் கேட்ட அந்தச் செய்திகள், இந்தத் தேதியிலிருந்து இங்கே வேலை செய்கிறீர்கள் என்பதற்குச் சாட்சியாக நிற்கும்.

கடிதத்தில் மூன்று இடங்களை விரலை வைத்துப் படியுங்கள்: சேர்ந்த தேதி, தகுதிகாண் காலம், நோட்டீஸ் காலம். கடைசியில் சொன்னது முக்கியம். முதலாளி எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதைச் சட்டமே சொல்கிறது. நீங்கள் விலகும்போது எத்தனை நாள் என்பதை உங்கள் கடிதம்தான் சொல்லும். அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று போட்டிருந்தால் சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது பேசினால் நடக்காது.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் இருந்த இடத்தில் சேரும் அன்றே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய இரண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு காகித உறையில் போட்டு இரும்பு பீரோவில் வைத்திருப்பார்கள். பின்னால் அது ராஜினாமாக் கடிதமாகவும் மாறும், முழுக் கணக்கும் தீர்ந்தது என்ற ரசீதாகவும் மாறும். தவிர்க்கவே முடியாமல் போட்டுவிட்டீர்கள் என்றால், அன்று இரவே அதைத் தேதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக எழுதி வையுங்கள். அசல் சான்றிதழ்களையும் அப்படித்தான். காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலை விட்டுவிட்டு வராதீர்கள்.

மூன்றாம் படி: லீவுக் கணக்கு

கடைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவுதான் இதற்கு வேர். மூன்று பன்னிரண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் பன்னிரண்டு, சம்பளத்தோடு கூடிய விடுமுறை. பேச்சில் இ.எல். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்து முடித்த பிறகு, அடுத்த பன்னிரண்டு மாதத்தில் 12 நாள். எடுக்காவிட்டால் சேரும், ஆனால் 24 நாளுக்கு மேல் சேராது. 2024 ஜூன் 1 அன்று சேர்ந்தவருக்கு 2025 ஜூன் 1 முதல் இது கையில் வரும்.

இரண்டாவது பன்னிரண்டு, நோய் அல்லது விபத்துக்கான லீவு. மூன்றாவது பன்னிரண்டு, சி.எல். எனும் தற்செயல் விடுப்பு. இந்த இரண்டுக்கும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் பன்னிரண்டு மாதத்திலேயே உண்டு. ‘ஒரு வருஷம் முடியட்டும், அப்புறம்தான் லீவு’ என்று புதிதாக வந்தவர்களிடம் சொல்வது வழக்கம். அது இ.எல்.லுக்கு மட்டும்தான் சரி. சி.எல்.லும் நோய் விடுப்பும் அடுத்த வருடத்துக்குச் சேராது, எடுக்காவிட்டால் போச்சு.

ஆக வருடத்துக்கு 36 நாள். இது போக வாரம் ஒரு நாள் விடுமுறை, அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

பண்டிகை நாள்கள் தனிக் கணக்கு. அதற்கென்று 1958இல் தனிச் சட்டமே வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், கூடவே வேறு ஐந்து பண்டிகை நாள்களும் சேர்த்து ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. அந்த ஐந்து எவை என்ற பட்டியல் உங்கள் நிறுவனத்தில் இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு முந்தின நாள் லீவு கேட்டால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், அது வேறு விஷயம். ஆனால் விடுமுறை நாளில் வேலை வாங்கினால் அன்றைக்கு இரட்டைச் சம்பளம், அல்லது ஒற்றைச் சம்பளமும் பதிலுக்கு வேறொரு நாள் சம்பளத்தோடு விடுமுறையும் தர வேண்டும். ‘பிரியாணி வாங்கித் தரோம்’ என்பது சட்டத்தில் இல்லை.

வாக்குப்பதிவு நாளும் ஓட்டுள்ள ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை. இது தேர்தல் சட்டத்திலிருந்து வருவது.

தொழிற்சாலைக்காரர்களுக்கு: புதிய தொகுப்பின்படி ஆண்டில் 180 நாள் வேலை செய்தால் போதும், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு. முன்பு இது 240 நாளாக இருந்தது. அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை கொண்டுபோகலாம்.

நான்காம் படி: லீவு கேட்கும் முறை

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். உரிமை இருப்பது ஒன்று, அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்குத் தடயம் இருப்பது இன்னொன்று. சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லுங்கள், மரியாதைக்கு. சொன்ன கையோடு எழுத்திலும் அனுப்புங்கள். பெரிய விண்ணப்பம் தேவையில்லை. இப்படிப் போதும்:

‘ஐயா, என் அம்மா உடல்நிலை காரணமாக மார்ச் 10 முதல் 14 வரை ஐந்து நாள் ஊருக்குச் செல்ல வேண்டியுள்ளது. இதைத் தற்செயல் விடுப்பாகக் கொள்ளவும். 15ஆம் தேதி காலை வேலைக்கு வந்துவிடுவேன். ஊரில் இதே எண்ணில் என்னைத் தொடர்புகொள்ளலாம்.’

இந்த நாலு வரியில் உயிர்நாடி எது தெரியுமா? திரும்பி வரும் தேதி. வேலையை விட்டு ஓடியவன் திரும்பி வரும் தேதியைச் சொல்லிவிட்டு ஓடமாட்டான். பின்னால் யாராவது ‘நின்றுவிட்டார்’ என்று பதிவேட்டில் எழுதினால் அதை முறிப்பது அந்த ஒரு வரிதான்.

லீவை நீட்டிக்க வேண்டியிருந்தால், முதல் லீவு முடிவதற்கு முன்பே இன்னொரு செய்தி. ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் சீட்டின் படம் ஒன்று கூடவே. பதில் வராவிட்டால் கவலை வேண்டாம், ‘லீவு கிடையாது’ என்று பதில் வந்தால் அதை அழிக்க வேண்டாம். இ.எல். கேட்டதற்கு வந்த பதில் என்றால் அதுவும் பின்னால் பணமாகும். எப்படி என்று கடைசிப் படியில் சொல்கிறேன்.

மாத முடிவில் வருகைப்பதிவேட்டில் உங்கள் வரிசையைப் போனில் படம் எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கைரேகை மெஷின் என்றால் அதன் மாத அறிக்கையைக் கேளுங்கள். நான் பார்த்தவரை பதிவேட்டில் திருத்தம் எல்லாம் மாதம் முடிந்த மூன்று நாலு நாளுக்குள்தான் நடக்கும், சம்பளப் பட்டியல் போடுகிற நேரத்தில்.

ஐந்தாம் படி: நீண்ட நோயும் பிரசவமும்

சம்பளம் மாதம் 21,000 ரூபாய் வரை என்றால் நீங்கள் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்துக்குள் இருப்பீர்கள். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்தமாகப் போகிறதா என்று பாருங்கள். மருந்து மாத்திரைக்கு மட்டும் இ.எஸ்.ஐ. என்று நினைப்பவர்கள் அதிகம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்கு கட்டப்பட்டிருந்தால், நோயில் படுத்த நாள்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ.யே தரும். அந்தச் சலுகையில் இருக்கும்போது உங்களை வேலையிலிருந்து எடுக்கவும் கூடாது. அதற்கு இ.எஸ்.ஐ. டாக்டர் தரும் சான்றிதழ்தான் ஆதாரம், தெருமுனை கிளினிக் சீட்டு அங்கே செல்லாது.

பிரசவ விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தை இருந்தால் 12 வாரம். கருச்சிதைவுக்கு 6 வாரம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி வந்துவிடும். அந்த விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலைநீக்கம் செய்வது சட்டவிரோதம். விடுப்பில் இருக்கும்போதே கெடு முடிகிற மாதிரி வேலைநீக்க நோட்டீஸ் அனுப்புவதும் அதே வகைதான். ‘கல்யாணம் ஆயிடுச்சா, எப்ப குழந்தை’ என்று நேர்காணலில் கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் கேட்கிறார்கள்.

ஆறாம் படி: ‘நாளையிலிருந்து வராதே’

இந்த வார்த்தை எப்போதும் சனிக்கிழமை சாயங்காலம்தான் வரும். எழுத்தில் வராது.

கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்வது இது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி, முறையாக விசாரணை நடத்தி, அதில் பதிவான சாட்சியத்தால் நிரூபித்திருந்தால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை.

கவனியுங்கள், இதில் இரண்டு நிபந்தனை இருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நிறைய முதலாளிகள் நினைக்கிறார்கள், நிறைய ஊழியர்களும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. காரணமும் வேண்டும், நோட்டீசும் வேண்டும்.

சரி, வாயால் சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது? கோபத்தில் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் வாசலில் தகராறு வேண்டாம். வாசலில் நின்று ஒரு படம், அப்படியே நிர்வாகத்துக்கு ஒரு செய்தி: ‘இன்று காலை 9.30க்கு வேலைக்கு வந்தேன். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்.’ இதையே தாளில் எழுதி அன்றே ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். தபால் ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் செய்து வையுங்கள். அந்தச் சின்ன ரசீதின் மை சில மாதத்தில் மங்கிவிடும், ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

எங்கள் கடையில் சேலைப் பிரிவில் இருந்த ஒரு அக்கா இதைச் சரியாகச் செய்தார். மூன்று நாள் காலையும் வந்தார், மூன்று நாளும் ஒரே வாசகத்தை அனுப்பினார். நாலாவது நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்தம்மா பேருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். எழுதியிருந்ததைக் காட்டினேன். ‘கிழிக்க முடியாதா?’ என்றார். பக்கத்துக்கு எண் போட்ட பதிவேடு, கிழிக்க முடியாது. திங்கட்கிழமை அந்த அக்கா சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டுதான், உட்கார இருக்கை தர வேண்டும் என்று இதே சட்டத்தில் திருத்தம் வந்தது 2021இல்தான்.

ஏழாம் படி: மெமோ, சஸ்பென்ஷன், விசாரணை

குற்றச்சாட்டு மெமோ வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கிக்கொண்டு, வாங்கிய தேதியைக் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால் ‘வாங்க மறுத்தார்’ என்று இரண்டு சாட்சியோடு எழுதிக்கொள்வார்கள், நஷ்டம் உங்களுக்குத்தான். பதில் எழுத அவகாசம் போதாவிட்டால் எழுத்தில் கூடுதல் நாள் கேளுங்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவோம் என்று அன்பாகச் சொல்வார்கள். செய்யாததற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள், அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும்.

விசாரணை என்றால் குற்றச்சாட்டு தெளிவாக இருக்க வேண்டும், அவர்கள் காட்டும் ஆவணங்களின் நகல் உங்களுக்கு வேண்டும், அவர்கள் சாட்சியை நீங்கள் குறுக்கு விசாரணை செய்யலாம், உங்கள் சாட்சியைக் கொண்டுவரலாம், முடிவில் விசாரணை அறிக்கையின் நகல் தர வேண்டும். மேனேஜர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் அரைமணி நேரம் திட்டுவது விசாரணை ஆகாது. ஒவ்வொரு நாள் நடவடிக்கைக் குறிப்பிலும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தப்பாக எழுதியிருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ‘இதை நான் சொல்லவில்லை’ என்று எழுதலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால் வெறுங்கையோடு வீட்டில் உட்கார வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1981இலேயே பிழைப்பூதியச் சட்டம் வந்துவிட்டது. முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, 90ஐத் தாண்டினால் 75 சதவீதம், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். 20,000 வாங்குபவருக்கு மாதம் 10,000, பிறகு 15,000, பிறகு 20,000. விசாரணையை இழுத்தடிப்பது நீங்கள் என்று ஆனால் தொகை பாதிச் சம்பளத்திலேயே நிற்கும், ஏறாது.

எட்டாம் படி: ‘நீங்களே ராஜினாமா கொடுத்துடுங்க’

ஐடியில் இது அதிகம். மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டு, ஹெச்.ஆர். தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்து, ‘டெர்மினேட் பண்ணினா உங்க ரெக்கார்டு கெட்டுடும், ராஜினாமான்னா ரிலீவிங் லெட்டர் நல்லா தருவோம், பதினைந்து நிமிஷத்துல சொல்லுங்க’ என்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் உங்களிடமிருந்து கைமாறுவது 41ஆம் பிரிவு முழுவதும். ராஜினாமா கொடுத்தவரை யாரும் நீக்கவில்லை, எனவே காரணம் கேட்கவும் முடியாது, மேல்முறையீடும் கஷ்டம்.

‘யோசித்து எழுத்தில் பதில் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். வெளியே வந்ததும், இந்த நேரத்தில் இன்னார் இப்படிக் கேட்டார், நான் விருப்பத்தோடு விலகவில்லை என்று ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல். உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு நகல், ஏனென்றால் அலுவலக லாகின் சாயங்காலத்துக்குள் மூடப்படலாம். நல்ல தொகை தருகிறார்கள், வேறு வேலையும் கையில் இருக்கிறது என்றால் விலகுவதில் தப்பில்லை. ஆனால் தொகை எழுத்தில் வந்த பிறகு.

ஐடி ஊழியருக்குச் சங்கம் கிடையாது என்பதும் தவறான நம்பிக்கை. சங்கம் அமைக்கவும் தொழில் தகராறு எழுப்பவும் அவர்களுக்குத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

ஒன்பதாம் படி: மேல்முறையீடு, 30 நாளுக்குள்

41ஆம் பிரிவின் கீழ் நீக்கப்பட்டவர் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். நடைமுறையில் அது தொழிலாளர் துணை ஆணையர். நீக்க உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கக்கூடும், ஆனால் அதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். தபால்காரர் கவரைக் கொடுத்த தேதியைக் கவரின் மேலேயே எழுதி, கவரையும் பத்திரப்படுத்துங்கள். நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

மனுவில் வரலாறு எழுத வேண்டாம். சேர்ந்த தேதி, பதவி, கடைசிச் சம்பளம், நீக்கப்பட்ட தேதி, எப்படி நீக்கினார்கள், ஏன் அது தவறு. நியாயமான காரணம் இல்லை என்பது ஒரு வாதம், சொல்லப்பட்ட ஒழுங்கீனத்தை நான் செய்யவில்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டில் எது உங்களுடையது என்று தெளிவாகச் சொல்லுங்கள். முதலாளியின் மாமியார் குணம் பற்றி ஒரு மனுவில் இரண்டு பக்கம் படித்திருக்கிறேன், அதைத் தாண்டி விஷயத்துக்கு வருவதற்குள் எனக்கே டீ தேவைப்பட்டது.

அதிகாரி இரு தரப்பையும் கேட்டுத் தரும் முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும். சென்னையில் தொழிலாளர் ஆணையரகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் பகுதித் தொழிலாளர் அலுவலகத்தில் எந்தத் துணை ஆணையருக்குத் தங்கள் மாவட்டம் வரும் என்று கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு வழி தொழில் தகராறு. மேற்பார்வை, நிர்வாகம் அல்லாத தொழிலாளி என்றால் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அங்கே பேசித் தீராவிட்டால் தீர்ப்பாயம். தொழிற்சாலையில் இருப்பவர்களுக்கு இதுதான் பாதை. தகராறு எழுந்து இரண்டு வருடத்துக்குள் போயாக வேண்டும். கடை ஊழியருக்கு இரண்டு கதவும் திறந்திருக்கும் என்றாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம். முதல் ஆலோசனையை ஒரு தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீலிடமோ முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஆள் அதிகம் என்று நீக்கினால் அதற்கு ஆட்குறைப்பு என்று பெயர். ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்குக் காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. தொழிற்சாலையில் 300 பேருக்குக் குறையாமல் இருந்தால் அரசின் முன் அனுமதியும் வேண்டும்.

பத்தாம் படி: கணக்குத் தீர்ப்பது

நீக்கினாலும் நீங்களே விலகினாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று இப்போது ஊதியத் தொகுப்பு சொல்கிறது. ‘நாற்பத்தைந்து நாள் ஆகும், எங்க பாலிசி’ என்ற பதிலுக்கு இதைச் சொல்லலாம்.

எடுக்காத இ.எல்.லைக் கேளுங்கள். லீவு தராமல் உங்களை வெளியே அனுப்பினாலோ, நீங்கள் கேட்டு அவர்கள் மறுத்து, அதற்குப் பின் நீங்கள் விலகினாலோ அந்த நாள்களுக்குப் பணம் உண்டு. நாலாம் படியில் ‘லீவு கிடையாது’ என்ற பதிலை அழிக்காதீர்கள் என்றேனே, அது இதற்குத்தான்.

ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 18,000, ஏழு வருடம் வேலை என்றால்: 18,000ஐ 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, ஏழால் பெருக்குங்கள். 72,692 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கென ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்குப் புதிய தொகுப்பில் ஒரு வருடமே போதும்.

கணக்கு தீர்ந்தது என்ற ரசீதில் கையெழுத்துப் போடும்போது, தொகை கம்மி என்று தோன்றினால் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் தேதி போடுங்கள்.

கடைசியாக பி.எஃப். இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்கு வந்து இரண்டு மாதம் கழிந்தபின் ஆதார் ஓ.டி.பி. போட்டு நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்.